பாட்டிக்குத் தெரிந்த நான்கு தேசிய கீதங்கள்

2002-ஆம் ஆண்டு ஜூன் 4. உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டி. சைத்தாமா அரங்கில் ஜப்பானும் பெல்ஜியமும் மோதின. நம் நேரப்படி மாலை 5 மணி. ஜெஞ்சாரோமில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் மாமா, நான், பக்கத்து வீட்டுப் பையன்கள் இருவர் எனத் தொலைக்காட்சி முன்னால் கூட்டம். பாட்டி தரையில் காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பந்தாட்டம் அவருக்கு ஒரு பொருட்டே அல்ல. ‘இருவது ஆம்பளைங்க ஒரு பந்துக்கு அடிச்சிக்கிறானுங்க’ என்பது அவருடைய கருத்து.

ஆட்டக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். ஜப்பானின் தேசிய கீதம் ஒலித்தது. பாட்டியின் கை நின்றது. முதுகு நிமிர்ந்தது. பிறகு தொலைக்காட்சியோடு சேர்ந்து பாடத் தொடங்கினார். முணுமுணுப்பு இல்லை. முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை, எங்கும் தடுமாறாமல் பாடினார். மாமா ஒலியைக் குறைத்துவிட்டார். எழுபது வயதுத் தோட்டத்துப் பாட்டி, கைநாட்டு வைப்பவர், ஜப்பானிய மொழியில் பாடுகிறார்.

‘பாட்டி, இது எப்படித் தெரியும்?’ என்றேன்.

‘பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தது. தப்பாப் பாடுனா கன்னத்துல விழும்’ என்று சொல்லிவிட்டுக் கீரைக்குத் திரும்பினார்.

ஆட்டம் 2-2 எனச் சமநிலையில் முடிந்தது என்பதைப் பிறகு நாளிதழில்தான் தெரிந்துகொண்டேன். அன்று மாலை முழுக்க நான் பாட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மெட்டு எனக்குப் புதிதல்ல. என்னைத் தொட்டிலில் போட்டு ஆட்டியபோதும், என் தங்கையை ஆட்டியபோதும் பாட்டி வாய்க்குள் இழுத்த ராகம் அதுதான். ஏதோ ஊர்ப்பக்கத்துத் தாலாட்டு என்று இருபத்தைந்து ஆண்டுகள் நினைத்திருந்தோம்.

பாட்டி 1932-இல் கோலா லங்காட் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அவர் மனப்பாடமாக அறிந்த முதல் கீதம் ஆங்கில அரசருக்கு உரியது. துரை தோட்டப் பள்ளிக்கு வரும் நாளில் பிள்ளைகளை வெயிலில் நிறுத்திப் பாடவைப்பார்களாம். பொருள் தெரியாது. ‘துரை தலையாட்டுனா வாத்தியாருக்கு நிம்மதி’ என்பார்.

1941 டிசம்பரில் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். ஜனவரி 11-இல் கோலாலம்பூர் விழுந்தது. துரை காணாமல் போனார். கடிகாரங்கள் தோக்கியோ நேரத்துக்கு மாறின. 1942 என்ற ஆண்டு 2602 ஆனது. பள்ளிப் பிள்ளைகள் கிழக்கே பார்த்துக் குனிந்து வணங்கிக் ‘கிமிகயோ’ பாடினார்கள். உலகின் மிகச் சிறிய தேசிய கீதங்களில் அது ஒன்று. சொற்கள் ஆயிரம் ஆண்டுக்கும் பழையவை, மெட்டு 1880-இல் அமைந்தது. பத்து வயதுப் பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு? அடி வாங்காமல் பாடி முடித்தால் போதும்.

பாட்டியின் அப்பா, என் கொள்ளுத்தாத்தா, பால்மரம் வெட்டுபவர். மாரியம்மன் திருவிழாவில் தப்படிப்பவர். தோட்டத்தில் சாவுக்கும் அவர், சாமிக்கும் அவர். 1943-இல் தோட்டத்துக்கு ஆள் கேட்டு வந்தார்கள். சயாமில் மூன்று மாத வேலை, ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி, அரிசி இலவசம். தோட்டத்தில் அப்போது மரவள்ளிக் கிழங்குதான் சோறு, சாக்குதான் துணி. சிலர் நம்பிப் போனார்கள். போகாதவர்களைப் பெயர் எழுதி ஏற்றினார்கள். கொள்ளுத்தாத்தா இரண்டில் எந்த வகை என்று பாட்டிக்குத் தெரியாது. ‘லோரி ஏறும்போது தப்பை மாமியா கையில குடுத்தாரு. அம்மாகிட்ட குடுக்கல, அம்மா அழுதுக்கிட்டு இருந்துச்சு.’

சயாம் மரண ரயில் பற்றி நம்மில் பலருக்குத் தெரியும். சயாமின் பான் போங்கையும் பர்மாவின் தன்பியூசாயாட்டையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் தண்டவாளம். போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் அதில் உழைத்தார்கள், 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைவிடப் பல மடங்கு அதிகம். மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கும் மேற்பட்டவர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் அடியும் அவர்களைக் கொன்றன. கைதிகளின் முகாம்களில் மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள், இறந்தவர் பெயரை மறைத்தேனும் குறித்து வைத்தார்கள். நம்மவர் முகாம்களில் பெயர் எழுத யாரும் இல்லை. அதனால்தான் இன்றுவரை நம் சாவுக்குச் சரியான கணக்கு இல்லை.

கொள்ளுத்தாத்தா திரும்பவில்லை. கூடப் போனவர்களில் ஒருவர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்து, ‘ஒரு மழைநாள் அவரைத் தனிக்கொட்டகைக்குத் தூக்கிட்டுப் போனாங்க’ என்று மட்டும் சொன்னாராம். அது சாவுச் செய்தியா இல்லையா என்று வீட்டில் பல ஆண்டுகள் முடிவுக்கு வரவில்லை. கொள்ளுப்பாட்டி தாலியைக் கழற்றவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தப்பை எடுத்து அடுப்பு நெருப்பில் காய்ச்சி, மறுபடி ஆணியில் மாட்டுவாராம். தோல் தொய்ந்துவிடக் கூடாது, அவர் வந்தால் அடிக்க வேண்டும். யாரும் அதை அடித்ததில்லை.

மூன்றாவது கீதத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்கும் மாமாவுக்கும் சண்டை.

1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தார். தோட்டத்துக்குத் தோட்டம் இந்திய சுதந்திரச் சங்கக் கிளைகள் முளைத்தன. ஜான்சி ராணிப் படைக்குப் பெண்கள் போனார்கள். சிறுவர் சிறுமியருக்குப் பாலர் சேனை. பாட்டி அதில் சேர்ந்தார். தோளில் மரத்துப்பாக்கி, பெரட்டுக்களத்தில் நடைப்பயிற்சி. முடிந்ததும் சுதந்திர இந்தியாவின் கீதம். தாகூரின் ‘ஜன கண மன’ மெட்டில் இந்துஸ்தானிச் சொற்கள். பாட்டிக்கு அதுவும் பொருள் தெரியாத பாட்டுதான். ஆனால் அதைப் பாடும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும்.

மாமா வீட்டில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் நேதாஜி படம். ‘துரையைப் பார்த்தா சைக்கிளை விட்டு இறங்கி நின்ன சனம், தம்பி. முதல் தடவையா நெஞ்சை நிமிர்த்தி நடந்துச்சு. அதைக் குறை சொல்ல உனக்கு என்ன தகுதி?’ என்பார். அவர் சொல்வது உண்மை. அந்த நிமிர்வு இல்லாமல் போருக்குப் பிந்திய தோட்டத் தொழிற்சங்கங்களை நினைத்துப் பார்க்க முடியாது. நான் வாயடைத்துப்போவேன். ஆனால் தேதிகள் என்னை விடுவதில்லை. மரண ரயிலின் இரு முனைகளும் காட்டுக்குள் சந்தித்தது 1943 அக்டோபர் 17. சிங்கப்பூர் கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்திய அரசு அறிவிக்கப்பட்டது அக்டோபர் 21. இடையில் நான்கு நாள். ஒரே ஜப்பானியப் படை ஒரு கையால் அப்பனைத் தண்டவாளத்தில் புதைத்தது, மறு கையால் மகளின் அணிவகுப்புக்குக் கைதட்டியது. பிறகு இந்திய தேசிய இராணுவத்தின் வீரர்களும் அந்தத் தண்டவாளத்தின் மேலேறித்தான் பர்மாவுக்குப் போனார்கள்.

ஒருமுறை பாட்டியிடமே கேட்டேன்.

‘அப்பாவைக் கூட்டிட்டுப் போனவனும் அவன்தான், நேதாஜிக்குக் கூட்டாளியும் அவன்தான். பன்னண்டு வயசுல எனக்கு என்னய்யா தெரியும்? நடக்கச் சொன்னாங்க, நடந்தோம். நல்லாத்தான் இருந்துச்சு. முடிஞ்சா கஞ்சி குடுப்பாங்க.’ சற்றுப் பொறுத்து, ‘அந்தக் கட்டைத் துப்பாக்கியை அம்மா அடுப்புல வெச்சிருச்சு. தப்பைக் காய்ச்ச வெறகு இல்லேன்னு’ என்றார்.

மாமா அன்று எதுவும் சொல்லவில்லை.

1945 செப்டம்பர் 9 அன்று, ஜப்பான் சரணடைந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆன பிறகு, இங்கிருந்து சிறிது தூரத்தில் உள்ள மோரிப் கடற்கரையில் பிரிட்டிஷ் இந்தியப் படை வந்திறங்கியது. வண்டிகள் சேற்றில் புதைந்து நின்றன. இன்று அங்கே ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் அதைச் சுற்றிப் பட்டம் விடுகிறார்கள். தோட்டப் பள்ளியில் மறுபடி முதல் கீதம். பிறகு அவசரகாலம், முள்வேலி, ஊரடங்கு. அவற்றைப் பற்றிப் பாட்டி அதிகம் பேசியதில்லை. இந்த வட்டாரத்தின் அந்தக் காலத்தை அறிய அ. ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’ நாவலைப் படிக்கலாம். சயாம் பற்றியும் அவர் ‘நினைவுச்சின்னம்’ எழுதியிருக்கிறார். அதற்கு முன்பே ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ வந்தது. நம் வரலாற்றைப் பாடநூலைவிட நாவல்கள்தான் அதிகம் காப்பாற்றியிருக்கின்றன.

நான்காவது கீதம் ‘நெகாராகூ’. 1957-இல் அதை முதன்முதலில் வானொலியில் கேட்டபோது பாட்டி சிரித்துவிட்டாராம். பேராக் மாநில கீதத்தின் மெட்டு அது. ஆனால் ‘தெராங் புலான்’ என்ற காதல் பாட்டாகத்தான் ஊர் முழுக்கத் தெரியும். ‘சந்தையில ஆடுன பாட்டுக்கு எந்திரிச்சு நிக்கச் சொல்றாங்களே’ என்று தோழிகள் கேலி பேசியிருக்கிறார்கள்.

சிரித்தவருக்குக் குடியுரிமை கிடைக்க நெடுங்காலம் ஆனது. பிறப்புப் பத்திரம் ஜப்பான் காலத்தில் தொலைந்துபோனது. கையில் சிவப்பு அடையாளக் கார்டு. 1969-இல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஆயிரக்கணக்கானோர் தமிழ்நாட்டுக்குக் கப்பல் ஏறினார்கள். பாட்டியின் தம்பியும் ‘ரஜுலா’வில் ஏறினார். அவர் இந்தியாவை அதற்குமுன் பார்த்ததே இல்லை. துறைமுகத்தில் அவர் கடைசியாகச் சொன்னது, ‘அப்பா வந்தா என் விலாசம் குடு.’ அவர்களின் அப்பா போய் இருபத்தாறு ஆண்டு ஆகியிருந்தது.

பாட்டி 2011-இல் காலமானார். சில ஆண்டுகள் கழித்து நானும் மாமாவும் காஞ்சனபுரிக்குப் போனோம். போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள், வெட்டிச் சீர்செய்த புல், பெயர், வயது. பாலத்தருகே சுற்றுலாப் பயணிகள் 1957-இல் வந்த ஆங்கிலப் படத்தின் சீட்டியை அடித்துக்கொண்டு நடந்தார்கள். அந்தப் படம் எடுக்கப்பட்டது இலங்கையில். அதில் நம் தோட்டத்து ஆட்கள் இல்லை. மாமா தண்டவாளக் கட்டை ஒன்றில் உட்கார்ந்து நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. ‘நேதாஜி படத்தைக் கழற்ற மாட்டேன். ஆனா தாத்தாவுக்கும் ஒரு படம் இருந்திருக்கலாம்’ என்றார். தாத்தாவுக்குப் படமே கிடையாது. அண்மையில் அங்குள்ள வாட் தாவோர்ன் வராராம் கோயில் வளாகத்தில் தமிழ்த் தொழிலாளர்களுக்காக ஒரு நடுகல் நிறுவியிருக்கிறார்கள். மாமா அதைப் பார்க்க மறுபடி போகவேண்டும் என்கிறார்.

2023 அக்டோபர் கடைசியில், காஸாவில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது, நம் பள்ளிகளில் பாலஸ்தீன ஒருமைப்பாட்டு வாரம் நடந்தது. இரக்கம் கற்பிக்க நல்ல வாய்ப்பு. ஆனால் சில இடங்களில் பொம்மைத் துப்பாக்கி ஏந்திப் பிள்ளைகள் அணிவகுத்த காணொளி பரவிச் சர்ச்சையானது. என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. அவள் அதைக் கைப்பேசியில் காட்டினாள். ‘அப்பா, இவங்க யாரைச் சுடப் போறாங்க?’ என்று கேட்டாள். எந்தப் பிள்ளை கையில் எவர் எந்த நியாயத்துக்காகத் துப்பாக்கியைக் கொடுத்தாலும், அது மரமோ பிளாஸ்டிக்கோ, எனக்கு ஏற்பில்லை. மாமா இதில் என்னோடு ஒத்துப்போனார். அதுவே எனக்கு ஆச்சரியம்.

அன்றிரவு மகளுக்குப் பாட்டியின் கதையைச் சொன்னேன். அவள் கீபோர்டில் நான்கு மெட்டுகளையும் தேடித் தேடி வாசித்தாள். கிமிகயோ வந்தபோது, ‘இது நீங்க தம்பியைத் தூங்க வைக்கிற பாட்டு’ என்றாள். எனக்கே தெரியாமல் நானும் அதைத்தான் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

தப்பின் தோலைப் பாட்டி காலத்திலேயே எலி தின்றுவிட்டது. மரச்சட்டம் மட்டும் ஆணியில் தொங்குகிறது. போன மாதம் அதைக் கழற்றிக் கிள்ளானில் மேளம் கட்டும் ஒருவரிடம் கொண்டுபோனேன். ‘பிளாஸ்டிக் போட்டுக்குங்க சார், நெருப்புல காய்ச்சுற வேலை மிச்சம்’ என்றார். தோலே போடுங்கள் என்றேன். என்ன விசேஷம் என்று கேட்டார். விசேஷம் ஒன்றுமில்லை என்றேன். தீபாவளிக்கு முன்னால் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.