மேரிகோல்டு என்றால் எந்தப் பூ?
காலண்டுலா சரக்கைக் கையாளும் வணிகர்கள் கவனத்துக்கு

அண்மைக் காலமாக நம் கடைகளில் புதிதாக ஒரு பெயரைக் கேட்கிறோம். "காலண்டுலா பூ இருக்கிறதா?" என்று நாட்டு மருந்துக் கடையில் கேட்கிறார்கள். "காலண்டுலா சோப்பு கொடுங்கள்" என்று மளிகைக் கடையில் கேட்கிறார்கள். குழந்தைகளுக்குப் பூசும் கிரீம், முகத்துக்குப் போடும் களிம்பு எல்லாவற்றின் அட்டையிலும் இந்தப் பெயர் வந்துவிட்டது. கேட்கிற பொருளைத் தருவிப்பது வியாபாரியின் வேலை. ஆனால் தருவிக்கும் முன் அது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

நம் உறுப்பினர் ஒருவர் பட்ட அனுபவத்தை முதலில் சொல்கிறோம். வெளியூர் மொத்த வியாபாரி ஒருவரிடம் "மேரிகோல்டு இதழ்" என்று பில் போட்ட இரண்டு மூட்டைச் சரக்கை அவர் வாங்கினார். ஏற்றுமதிக்குச் சோப்பு தயாரிக்கும் வாடிக்கையாளர் ஒருவர் காலண்டுலா கேட்டிருந்தார்; மேரிகோல்டும் அதுவும் ஒன்றே என்று எண்ணி இந்த மூட்டைகளை அனுப்பிவிட்டார். நான்காம் நாள் மூட்டைகள் திரும்பி வந்தன. உள்ளே இருந்தது நம் ஊர்ச் செண்டுமல்லி! மொத்த வியாபாரியைக் கேட்டால், "மேரிகோல்டு என்றுதானே பில்லில் எழுதியிருக்கிறேன்?" என்கிறார். அவர் சொன்னதிலும் பொய் இல்லை. போன வண்டிக்கும் வந்த வண்டிக்கும் வாடகை கொடுத்தது நம் உறுப்பினர்தான்.

மூன்று பூ, ஒரே குழப்பம்

ஆங்கிலத்தில் மேரிகோல்டு என்ற பெயர் இரண்டு வேறு செடிகளுக்கு வழங்குகிறது. ஒன்று, மாலைக்கும் தோரணத்துக்கும் நாம் பயன்படுத்தும் செண்டுமல்லி. துலுக்கச் சாமந்தி என்றும் சொல்வோம். இதன் தாவரப் பெயர் டாஜெட்டஸ். மெக்ஸிகோ நாட்டிலிருந்து ஐரோப்பியர் வழியாக வந்தது. சத்தியமங்கலம், ஓசூர் பக்கங்களில் விளைவது இதுதான். இதன் இதழிலிருந்து எடுக்கும் மஞ்சள் நிறச் சத்து கோழித் தீவனத்துக்கும் கண் சத்து மாத்திரைக்கும் போகிறது.

மற்றொன்று காலண்டுலா. தாவரப் பெயர் காலண்டுலா அஃபிசினாலிஸ். மத்தியதரைக் கடல் ஓரத்து நாடுகளுக்கு உரியது. ஐரோப்பியக் கிராமங்களில் சூப்புக்கும் வெண்ணெய்க்கும் நிறம் சேர்க்க இதன் இதழைப் போடுவார்கள். புண்ணுக்குக் களிம்பும் காய்ச்சுவார்கள். இன்று எகிப்து நாட்டிலிருந்து காய்ந்த பூவாக வெளிநாடுகளுக்குப் போகிறது. பூஜைக்குரிய நம் செவ்வந்தி இவை இரண்டும் அல்லாத மூன்றாவது செடி. மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். ஆனால் ஒன்றுக்கு மற்றொன்று மாற்று ஆகாது.

இது வெறும் பெயர்ச் சண்டை அல்ல. செண்டுமல்லிச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் சிலருக்கு எரிச்சலும் தடிப்பும் உண்டாகும். இக்காரணத்தால் செண்டுமல்லிப் பூவின் சாற்றையும் எண்ணெயையும் அழகு சாதனப் பொருள்களில் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2018ல் தடை விதித்தது. அந்தச் சோப்புக்காரர் மூட்டையைத் திருப்பியதில் நியாயம் இருக்கிறது.

சரக்கை அடையாளம் காண்பது

கொள்முதலின்போது ஒரு கைப்பிடி அள்ளி வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள்.

இதழ்: காலண்டுலா இதழ் ஒடுங்கிய பட்டை போல இருக்கும். நுனியில் மூன்று சிறு பற்கள் தெரியும். செண்டுமல்லி இதழ் அகன்று, சுருங்கி மடிந்திருக்கும்.

விதை: காலண்டுலா விதை வளைந்து, நகம் போலவும் சிறு படகு போலவும் இருக்கும். செண்டுமல்லி விதை கறுப்பு ஊசி போல நேராக இருக்கும். மூட்டையின் அடியில் இரண்டொரு விதை எப்போதும் கிடைக்கும், அதைத் தேடுங்கள்.

மணம்: செண்டுமல்லியின் காட்டமான வாசனை நமக்குப் பழக்கமானது. காலண்டுலாவுக்கு மென்மையான பச்சிலை வாசனைதான்.

பில்லில் "மேரிகோல்டு" என்று மட்டும் எழுதினால் ஏற்காதீர்கள். தாவரப் பெயரை முழுமையாக எழுதி வாங்குங்கள். தகராறு வந்தால் கைகொடுப்பது அந்த ஒரு வரிதான்.

குங்குமப்பூ வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. விலை உயர்ந்த குங்குமப்பூவில் சாயம் ஏற்றிய காலண்டுலா இதழைக் கலப்பது மேல்நாடுகளில் நெடுங்காலமாக நடந்துவரும் மோசடி. வெதுவெதுப்பான நீரில் சில இழைகளைப் போட்டுப் பாருங்கள். அசல் இழை ஊறியதும் ஒரு முனை மெலிந்தும் மறுமுனை ஊதுகுழல் வாய் போல விரிந்தும் தெரியும். மஞ்சள் நிறம் மெல்ல இறங்கும். இதழானால் தட்டையாக விரிந்துவிடும். சாயம் உடனே கரையும்.

பயிரிடலாமா?

தோட்டம் உள்ள அன்பர்கள் இதைக் கேட்கிறார்கள். காலண்டுலா குளிர் காலப் பயிர். சமவெளியில் ஐப்பசி, கார்த்திகையில் விதைத்தால் தை, மாசியில் பூக்கும். பங்குனி வெயிலில் பூ சிறுத்துச் செடி ஓய்ந்துவிடும். நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப் பகுதிகளில் கூடுதல் நாள் பூக்கும். நீர் தேங்காத மண் போதும். ஒரு அடி இடைவெளி வேண்டும். முளைக்க ஒன்றிரண்டு வாரம், பூக்க சுமார் இரண்டு மாதம் ஆகும். அசுவினியும் சாம்பல் நோயும் இதன் எதிரிகள்.

பனி ஈரம் காய்ந்த பின் மலர்ந்த பூவைப் பறிக்க வேண்டும். விரலில் பிசின் ஒட்டினால் நல்ல சரக்கு. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை பறித்தால்தான் செடி தொடர்ந்து பூக்கும். எனவே கூலி ஆள் செலவு அதிகம். பூவில் 80 சதவிகிதத்துக்கு மேல் நீர். நிழலில், காற்றோட்டத்தில், மெல்லிய படுகையாகப் பரப்பி உலர்த்த வேண்டும். நடுத்தண்டில் ஈரம் நின்றால் மூட்டையே பூஞ்சணம் பிடிக்கும். வெளிச்சம் பட்டால் நிறம் வெளுக்கும். மூடிய டப்பாவில் வையுங்கள். வாங்குபவர் யார் என்று தெரியாமல் விதை வாங்க வேண்டாம் என்பதே நம் யோசனை.

மருந்தாக எவ்வளவு தூரம்?

ஐரோப்பிய நாட்டு வைத்தியத்தில் சிறு காயம், தோல் அழற்சி, வாய்ப்புண் ஆகியவற்றுக்கு இப்பூவைப் பயன்படுத்தினார்கள். நெடுநாள் வழக்கம் என்ற அடிப்படையில் இந்தச் சிறு உபாதைகளுக்கு ஐரோப்பிய மருந்து முகமையும் இதை ஒப்புக்கொள்கிறது. பிரான்ஸ் நாட்டில் மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை பெற்ற 254 பெண்களிடம் நடந்த ஆய்வு 2004ல் வெளிவந்தது. கதிரால் தோல் புண்ணாவது காலண்டுலா களிம்பு பூசியவர்களில் 41 சதவிகிதமாகவும், டிரோலமைன் என்ற வேறு மருந்து பூசியவர்களில் 63 சதவிகிதமாகவும் இருந்தது. இது தோல் புண்ணைப் பற்றிய முடிவு. புற்றுநோய் தீரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நாமும் சொல்ல வேண்டாம்.

ஹோமியோபதியில் இது காய மருந்து. பூவைச் சாராயத்தில் ஊறவைத்து எடுப்பது மதர் டிங்சர். அதைச் சுத்தமான நீரில் கலந்து காயத்தைக் கழுவச் சொல்வார்கள். இதுவும் களிம்பும் பூவின் சத்து உள்ளவை. 30, 200 என்று எண் போட்ட வீரியங்களில் மூலப் பொருள் மிஞ்சுவதில்லை. ஹோமியோபதி எந்த நோய்க்கும் பலன் தருவதாக நம்பத்தக்க சான்று இல்லை என்று ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆய்வுக் குழு 2015ல் கூறியது. ஹோமியோபதி மருத்துவர்கள் இதை ஏற்பதில்லை. இந்த வழக்குக்கு நாம் நீதிபதி அல்ல. ஆனால் ஆழமான காயம், துருப்பிடித்த இரும்பு குத்தியது, சர்க்கரை நோயாளியின் கால் புண் என்று வருபவரிடம் பூவையோ களிம்பையோ நீட்டாமல், "முதலில் டாக்டரைப் பாருங்கள்" என்று சொல்வதே தர்மம். செவ்வந்தி, செண்டுமல்லி ஒவ்வாதவர்களுக்கு இதுவும் ஒவ்வாமல் போகலாம்.

சட்டம் சொல்வது

காலண்டுலா சோப்பு, கிரீம் ஆகியவை அழகு சாதனப் பொருள்களாக இருந்தால் சில்லறையில் விற்கத் தனி உரிமம் வேண்டாம். ஆனால் தயாரிப்பாளரின் உரிம எண் அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஹோமியோபதி டிங்சர், மாத்திரை விற்க மருந்துச் சட்ட விதிகளின்படி உரிமம் கட்டாயம்: சில்லறைக்குப் படிவம் 20-சி, மொத்தத்துக்கு 20-டி. மளிகைக் கடை அலமாரியில் "நாலு பாட்டில்தானே" என்று வைத்தாலும் குற்றமே. 12 சதவிகிதத்துக்கு மேல் சாராயம் உள்ள ஹோமியோபதி மருந்தை 30 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலில் பொதுமக்களுக்கு விற்கக் கூடாது. பெரிய பாட்டிலை மலிவாகத் தருகிறேன் என்று யாராவது வந்தால் உஷார்!

சர்க்கரை, புற்றுநோய் போன்றவை குணமாகும் என்று கடையில் போர்டு எழுதி வைப்பது 1954ஆம் ஆண்டின் மருந்து, மந்திர நிவாரண விளம்பரச் சட்டப்படி தவறு.

புதுச் சரக்கு வரும்போது லாபமும் வரும், வம்பும் வரும். பூவைப் பூவாக, அதன் சரியான பெயரில் விற்போம். வாடிக்கையாளர் மறுபடியும் நம் கடைப் படி ஏறுவது நம் சொல்லை நம்பித்தான்.