சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்

பூமிக்கடியில் எண்ணெய் இருக்கிறது என்றால், ஏதோ ஒரு குகையில் அது ஏரியைப் போலத் தேங்கிக் கிடப்பதாகவே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மை அதுவன்று. எண்ணெய் கல்லுக்குள் இருக்கிறது. அதுவும் பல தேசங்களில், நாம் வெற்றிலைக்கும் சுவருக்கும் சூளையிலிட்டு நீற்றும் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளேயே இருக்கிறது!

பாரசீகத்தின் தென்மேற்கே மஸ்ஜித்-ஏ-சுலைமான் என்று ஓர் ஊர். 1901-ல் டார்ஸி என்னும் ஆங்கிலேயச் செல்வர், ஷாவிடமிருந்து 60 வருஷத்துக்கு எண்ணெய் உரிமை பெற்றார். நிகர லாபத்தில் நூற்றுக்கு 16 பங்கு பாரசீகத்துக்கு. மிச்சம் யாருக்கென்று சொல்லவும் வேண்டுமோ? வருஷங்கள் கழிந்தன, பணம் கரைந்தது, எண்ணெய் வந்தபாடில்லை. கைகொடுக்க வந்த பர்மா ஆயில் கம்பெனியும் சலித்துப்போய், "1,600 அடி வரை பாரும், இல்லையேல் மூட்டையைக் கட்டும்" என்ற கருத்தில் எஞ்சினீயர் ரெய்னால்ட்ஸுக்கு உத்தரவு அனுப்பிவிட்டது. அதற்குள், 1908 மே 26 விடியற்காலையில், 1,180 அடி ஆழத்திலேயே எண்ணெய் பீறிட்டது.

அந்தக் கல்லுக்கு அருகிலுள்ள அஸ்மாரி மலையின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். இரண்டு மூன்று கோடி வருஷங்களுக்கு முன், ஆழமற்ற கடலில் சிற்றுயிர்களின் ஓடுகள் படிந்து உண்டான கல் அது. பின்னர் ஸாக்ரோஸ் மலைகள் எழும்பியபோது, பூமியின் அடுக்குகள் பாய் சுருங்கினாற்போல் மடிந்தன. களிமண்ணாயிருந்தால் வளைந்து கொடுத்திருக்கும். சுண்ணாம்புக் கல்லோ எண்ணற்ற வெடிப்புக்கள் கண்டது. அவ்வெடிப்புக்களே எண்ணெய் ஓடிவரும் வாய்க்கால்கள். மேலே உப்பும் ஜிப்ஸமும் கலந்த அடுக்கு மூடி போட்டாற்போல் அமைந்தபடியால், சிறிது கசிந்தது போக மற்றதெல்லாம் உள்ளேயே தங்கிற்று. வெடிப்புக்கள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. ஆகையால் ஒரு கிணற்றில் எண்ணெய் எடுத்தால், நெடுந்தூரத்திலுள்ள கிணற்றிலும் அழுத்தம் குறையும். கிணறுகள் சிலவே போதும், வயல் முழுவதையும் வடித்துவிட! வெடிப்புப் போதாத சுண்ணாம்புக் கல்லானால், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் செலுத்துகிறார்கள். கல் பொங்கிக் கரைந்து வழிவிடுகிறது.

கல் வழிவிட்டது, கம்பெனியா விடும்? 1909-ல் ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பெனி தோன்றிற்று. 1914-ல், தன் கடற்படைக்கு எண்ணெய் வேண்டிப் பிரிட்டிஷ் சர்க்காரே அதன் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கிக்கொண்டது. 1951-ல்தான் ஈரான் தன் எண்ணெயைத் தேசத்தின் உடைமையாக்கிற்று. அதை முன்னின்று நடத்திய மொஸாதெக்கின் மந்திரிசபையை 1953-ல் கவிழ்த்தார்கள். அக்காரியத்தில் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் கை இருந்தது. மஸ்ஜித்-ஏ-சுலைமானின் முதற் கிணறு இப்போது காட்சிப் பொருளாக நிற்கிறது.