மேடையில் பேசுகிறவரை நம்பலாமா? வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே சோதிக்கலாம்!

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அலமாரியில் அப்பாவின் சர்க்கரை மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தன. விசாரித்தால், மூன்று வாரமாகச் சாப்பிடவில்லையாம். நான் வாங்கிக் கொடுத்த புதுக் கம்ப்யூட்டரில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறார். பெரிய மேடை, கோட்டு சூட்டு, கைதட்டல். மாத்திரை வேண்டாம், ஒரு பொடி போதும் என்று ஒருவர் அடித்துப் பேசுகிறார்.

நான் சத்தம் போட்டதும் அப்பா கேட்டார்: "ஏன்டா, இவ்வளவு பெரிய மேடையில ஏத்துறவங்க விசாரிக்காமலா ஏத்துவாங்க?"

நியாயமான கேள்விதான். எனக்கு மருத்துவம் தெரியாது. நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். ஆனால் எங்கள் வேலையில் ஒருவர் எழுதிய புரோகிராமை இன்னொருவர் சரிபார்க்காமல் வெளியே விடமாட்டோம். பேச்சாளர்களையும் யாராவது அப்படிச் சரிபார்க்கிறார்களா என்று தேடிப் பார்த்தேன்.

சம்பளம் வாங்காத நிபுணர்கள்

டெட் என்ற அமெரிக்க அமைப்பின் பேச்சுகளை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். அதனிடம் உரிமம் பெற்று, மருத்துவத்துக்கென்றே தனியாக நடத்தப்பட்ட மாநாடு டெட்மெட். 2012ல் இது வாஷிங்டன் கென்னடி மையத்தில் நடந்தது. பின்னர் வந்த ஆண்டுகளில், பரிந்துரைக்கப்பட்ட பேச்சாளர்களை அலச 'ரிசர்ச் ஸ்காலர்ஸ்' என்ற குழுவை வைத்தார்கள். மருத்துவ ஆராய்ச்சி, பொது சுகாதாரம் போன்ற துறைகளை அறிந்த தன்னார்வலர்கள் அவர்கள். இவர் சொல்வதற்கு ஆதாரம் உண்டா, அது உண்மையிலேயே புதியதா என்று பார்த்துக் கருத்துச் சொல்வது அவர்கள் வேலை. யாரை மேடையேற்றுவது என்ற முடிவு மாநாட்டை நடத்துபவர்களுடையது.

எல்லா மேடையிலும் இப்படி நடப்பதில்லை. டெட் பெயரில் உள்ளூர்க்காரர்கள் நடத்தும் டெட்எக்ஸ் கூட்டங்களில் சில போலி அறிவியல் பேச்சுகள் நுழைந்துவிட்டன. அதனால் 2012 டிசம்பரில் டெட் அமைப்பே தன் அமைப்பாளர்களுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் எழுதியது. குறிப்பிட்ட நோய்க்கு உணவே மருந்து என்பவர்கள், ஆட்டிசத்துக்குக் காரணமும் தீர்வும் சொல்பவர்கள் ஆகியோரை நன்றாக விசாரிக்கச் சொன்னது.

ஆட்டிசத்தைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. 1998ல் பிரிட்டனின் லான்செட் இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு, 12 குழந்தைகளை மட்டும் வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். எம்.எம்.ஆர். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற பயம் அதிலிருந்து பரவியது. பல பெற்றோர்கள் ஊசி போடாமல் விட்டார்கள். 2010ல் லான்செட் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவர் பெயரும் நீக்கப்பட்டது. பயம் மட்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை.

நீங்களும் சோதிக்கலாம்

நிபுணர்கள் பயன்படுத்தும் முக்கியமான கருவி ஒன்று உங்களுக்கும் இலவசம். அதன் பெயர் பப்மெட். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1997 முதல் கட்டணமில்லாமல் தருகிறது. 3.5 கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் விவரம் இதில் உள்ளது. கூகுளில் பப்மெட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து தேடுங்கள். தளம் திறந்ததும்:

1. தேடும் கட்டத்தில் பேச்சாளரின் பெயரை ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். எந்த ஊர், எந்த நிறுவனம் என்று பாருங்கள்.

2. அடுத்து அவர் சொல்லும் மருந்தையும் நோயையும் சேர்த்துத் தேடுங்கள். இடப்பக்கம் 'சிஸ்டமேட்டிக் ரிவ்யூ' என்ற கட்டத்தில் டிக் செய்யுங்கள். பல ஆய்வுகளைத் திரட்டி அலசிய கட்டுரைகள் மட்டும் நிற்கும்.

3. சுருக்கத்தைத் திறந்து, ஆய்வு மனிதர்களிடம் நடந்ததா, எலிகளிடமா, எத்தனை பேரிடம் என்று பாருங்கள்.

4. தலைப்பில் 'ரிட்ராக்டட்' என்று இருந்தால் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டுவிட்டது. வேக்ஃபீல்டின் கட்டுரையைத் தேடினால் இதை நேரிலேயே பார்க்கலாம்.

5. நம் நாட்டு அலோபதி டாக்டர் என்றால், தேசிய மருத்துவ ஆணையத்தின் தளத்தில் உள்ள இந்திய மருத்துவப் பதிவேட்டிலும் பெயரைத் தேடுங்கள்.

6. பேச்சின் முடிவில் எதையாவது விற்கிறாரா? அப்படியென்றால் இரண்டு மடங்கு உஷார்.

ஒரு எச்சரிக்கை. பப்மெட்டில் இருப்பதெல்லாம் உண்மையும் அல்ல, இல்லாததெல்லாம் பொய்யும் அல்ல. இது கேள்வி கேட்க உதவும். வைத்தியம் பார்க்க உதவாது.

அப்பா என்ன சொன்னார்?

அன்று மாலையே அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தேடினேன். அந்தப் பேச்சாளர் பெயரில் ஒரு கட்டுரைகூட இல்லை. அவர் பெருமையாகக் காட்டிய ஆய்வு கிடைத்தது. சுருக்கத்தின் இரண்டாவது வரியிலேயே அது எலிகளிடம் செய்த ஆய்வு என்று இருந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை இரண்டு முறை படித்தார். எதுவும் பேசவில்லை.

மறுநாள் காலை எங்கள் டாக்டரிடம் போனோம். வெறும் வயிற்றில் சர்க்கரை 260. டாக்டர் திட்டவில்லை, மாத்திரையை மறுபடி எழுதிக் கொடுத்து, நல்லவேளை சீக்கிரம் வந்தீர்கள் என்றார்.

அப்பா இப்போதும் வீடியோ பார்க்கிறார். ஆனால் முதலில் பேச்சாளரின் பெயரைத் தேடிவிட்டு, பிறகுதான் எனக்குப் போன் செய்கிறார். அந்தப் பத்து நிமிட வேலையை நீங்களும் இன்றே செய்து பழகுங்கள். மாத்திரையை நிறுத்துவதென்றால் மட்டும் அதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் டாக்டர்தான்.