கடவுச்சொல் சரி, கடிகாரம் சரியா?

மாணவர்களே, பல்கலைக்கழகத்தில் படிக்கும் அக்கா விடுமுறைக்கு ஈஜோக் பக்கம் உள்ள தோட்ட வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாளை ஒப்படைக்க வேண்டிய ஆய்வறிக்கை பல்கலைக்கழக சர்வரில் இருக்கிறது. மடிக்கணினியில் விபிஎன் இணைந்துவிட்டது. கடவுச்சொல்லும் சரிதான். ஆனாலும் சர்வர் அனுமதி மறுக்கிறது. ஏன்?

விபிஎன் என்பது இணையத்துக்குள் அமைக்கப்படும் பாதுகாப்பான சுரங்கப்பாதை. அது நம்மைப் பல்கலைக்கழக வலையமைப்பு வரை கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான். தோட்டத்து கேட்டில் காவலாளி உள்ளே விட்டாலும், ஆபீஸில் கிராணி நம் மைகார்டைக் கேட்பார் அல்லவா? அதுபோல் சர்வரும் தனியாக அடையாளம் கேட்கும்.

பல நிறுவனங்களில் இந்தச் சோதனையைச் செய்வது கெர்பரோஸ் என்னும் முறை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1983இல் தொடங்கிய அத்தீனா திட்டத்தில் இது உருவானது. கிரேக்கப் புராணத்தில் பாதாள உலக வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர் இதற்கு.

இம்முறையில் கடவுச்சொல் வலையமைப்பில் பயணம் செய்வதில்லை. மறைகுறியாக்கப்பட்ட 'டிக்கெட்' ஒன்று நேர முத்திரையுடன் செல்கிறது. யாராவது அதை வழியில் நகலெடுத்துப் பிறகு பயன்படுத்தினால், நேரம் பொருந்தாமல் பிடிபடுவார். பொதுவாக 5 நிமிட வேறுபாடு வரைதான் சர்வர் ஏற்கும். அதற்குமேல் போனால், நேர்மையானவருக்கும் கதவு திறக்காது.

நேரம் எப்படித் தவறும்? சென்னையில் வாங்கிய மடிக்கணினியில் இந்திய நேர மண்டலம் இருக்கும். அது உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முன்னே. மலேசியா 8 மணி முன்னே. மண்டலத்தை மாற்றாமல், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை மட்டும் திருத்தினால், திரையில் 10 மணி என்று சரியாகத் தெரியும். கணினியின் உள்கணக்கோ இரண்டரை மணி நேரம் முந்திப் போயிருக்கும். சர்வர் பார்ப்பது அந்த உள்கணக்கைத்தான்.

விபிஎன் மட்டும் எப்படி இணைந்தது? அது சரிபார்க்கும் சான்றிதழ் பெரும்பாலும் பல மாதங்களுக்குச் செல்லும். சில மணி நேரப் பிழை அதற்குப் பெரிதல்ல. பழைய கணினியின் பொத்தான் பேட்டரி தீர்ந்து, தேதி பல ஆண்டுகள் பின்னே போனால் விபிஎன்னே இணையாமல் போகலாம்.

ஆகவே, இந்த வரிசையில் சோதியுங்கள்:

1. விபிஎன் இல்லாமல் இணையம் வேலை செய்கிறதா?
2. விபிஎன்னுக்கும் சர்வருக்கும் வெவ்வேறு கடவுச்சொற்களா?
3. தேதி, நேரம், கோலாலம்பூர் நேர மண்டலம் மூன்றும் சரியா?
4. சர்வரின் முழுப்பெயரைத் தட்டச்சு செய்தீர்களா?

திரும்பத் திரும்ப முயன்றால் கணக்கே பூட்டப்படலாம். இரண்டு முறை தோற்றால் நிறுத்திவிட்டு, திரையில் வந்த பிழைச் செய்தியை அப்படியே எழுதித் தொழில்நுட்பப் பிரிவுக்கு அனுப்புங்கள். கடவுச்சொல்லை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள். பிழையைச் சரிசெய்ய அது அவர்களுக்குத் தேவையில்லை.