விமானம் பழுது பார்க்கும் படிப்பு: பணம் கட்டும் முன் கேளுங்க



பிள்ளையை ஏ.எம்.இ. படிப்பில் சேர்க்கணும்னு குழுவில் கடன் கேட்கிறோம். நல்ல படிப்புதான், பெண் பிள்ளைகளும் படிக்கலாம். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கணும். டிரைவிங் ஸ்கூல் வண்டி ஓட்டத்தான் கத்துக்கொடுக்கும். லைசென்ஸ் தருவது ஆர்.டி.ஓ. ஆபீஸ். இங்கேயும் அப்படித்தான். கல்லூரி தருவது படிச்சதுக்கான சான்றிதழ். லைசென்ஸ் தருவது டெல்லியில் உள்ள டி.ஜி.சி.ஏ. என்ற மத்திய அரசு அலுவலகம்.

அதன் தேர்வில் ஒவ்வொரு தாளிலும் 100-க்கு 75 எடுக்கணும். விமானத்தில் வேலை பார்த்த அனுபவமும் காட்டணும். பழுது பார்த்த பின் ‘இது பறக்கலாம்’ என்று கையெழுத்துப் போடும் உரிமை லைசென்ஸ் உள்ளவருக்கே. இல்லாதவருக்கும் உதவியாளராக வேலை உண்டு, சம்பளம் குறைவு.

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருக்க வேண்டும். ‘அரசு அங்கீகாரம்’ என்று போர்டு மட்டும் பார்த்து நம்பாதீங்க. ‘சி.ஏ.ஆர். 147’ அனுமதி இருக்கா, எந்தப் பிரிவுக்கு என்று கேளுங்க: பி1 என்றால் எஞ்சின், உடற்பகுதி, பி2 என்றால் மின்னணுக் கருவிகள். அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியல் டி.ஜி.சி.ஏ. இணையதளத்தில் இருக்கு. பொதுச் சேவை மையத்தில் அதை எடுத்துப் பார்த்த பிறகே முதல் தவணையைக் கட்டுங்க.