சலத்தை அடக்கப் பழகிய எம் பெண்கள்

பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதில்லை என்று ஒரு வழக்கத்தை எமது பெண்களில் பலர் வைத்திருக்கிறார்கள். இது எங்கே பழகியது என்று கேட்டால், அநேகமானோர் சொல்வது முகாம் வாழ்க்கையைத்தான். 2009 இல் செட்டிக்குளம் மெனிக்பாமில் இருந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. மலசலகூடத்துக்கு வரிசை, இரவில் வெளிச்சமில்லை, கதவுக்குக் கொழுக்கி இல்லை, போகும் வழியெல்லாம் ஆண்கள். போகாமலிருக்க ஒரே வழி குடிக்காமலிருப்பது. அந்த முகாம் 2012 இல் மூடப்பட்டுவிட்டது. மீள்குடியேறிய பலருக்கு இன்று சொந்த வளவில் மலசலகூடம் இருக்கிறது. ஆனால் பழக்கம் போகவில்லை.

நான் சமூகவியல் படித்தவள், வைத்தியர் அல்ல. கிராமங்களில் பெண்கள் குழுக்களோடு வேலை செய்யும்போது குடும்பநல உத்தியோகத்தர்களிடமும் வைத்தியர்களிடமும் கேட்டறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன். சலம் பற்றிப் பேசுவது வெட்கக்கேடு என்ற எண்ணம் எம்மிடையே வேரூன்றியிருப்பதால், கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்பிய பிறகுதான் கேள்விகள் காதோடு வந்து சேரும்.

முதலில் சிறுநீரகம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி நில்லுங்கள். பெருவிரல்கள் முதுகில் படும் இடத்துக்குச் சற்று மேலே, கடைசி விலா எலும்புகளின் மறைவில், முள்ளந்தண்டின் இரு பக்கமும் அவை இருக்கின்றன. போஞ்சி விதை போன்ற வடிவம், பொத்திய கையளவு பருமன், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 150 கிராம் நிறை. வலது பக்கத்தில் ஈரல் இடத்தைப் பிடித்திருப்பதால் அந்தச் சிறுநீரகம் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும்.

இவ்வளவு சிறிய உறுப்பு செய்யும் வேலைதான் ஆச்சரியம். எமது உடம்பில் உள்ள குருதி சுமார் ஐந்து லீற்றர். அது திரும்பத் திரும்பச் சிறுநீரகங்களுக்குள் போய் வருவதால், ஒரு நாளில் வடிக்கப்படும் நீரின் அளவு ஏறத்தாழ 180 லீற்றர். ஒரு எண்ணெய்ப் பரலில் பிடிப்பது 200 லீற்றர் என்று நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து இலட்சம் நுண்ணிய வடிகள் இருக்கின்றன. பாடப்புத்தகத்தில் இவற்றுக்குச் சிறுநீரகத்தி என்று பெயர். மாவை அரிதட்டில் அரிக்கும்போது பெரியவை மேலே தங்கி நுண்ணியவை கீழே விழுவதுபோல, குருதிக் கலங்களும் புரதமும் மேலே தங்க, நீரும் உப்பும் சீனியும் கழிவும் கீழே இறங்குகின்றன. ஆனால் மா அரிப்பதோடு ஒப்பிடுவது இத்துடன் முடிந்துவிடும். ஏனென்றால் கீழே விழுந்தவற்றிலிருந்து உடம்புக்கு வேண்டியதையெல்லாம் சிறுநீரகத்திகள் மறுபடி பொறுக்கி எடுத்துக் குருதியில் சேர்த்துவிடுகின்றன. எஞ்சும் ஒன்று, இரண்டு லீற்றர்தான் சலமாக வெளியேறுகிறது.

குருதியமுக்கத்தைச் சீராக வைத்திருப்பதிலும், எலும்புக்குத் தேவையான விற்றமின் டீயைச் செயற்படும் நிலைக்குக் கொண்டுவருவதிலும் சிறுநீரகத்துக்குப் பங்குண்டு. சிவப்பணுக்களை உண்டாக்கும்படி எலும்பு மச்சைக்குச் செய்தி அனுப்பும் ஓமோனும் இங்கேதான் சுரக்கிறது. சிறுநீரகம் பழுதடைந்தவர்கள் வெளிறிப் போவதற்கும், அவர்களுக்கு இரும்புச்சத்துக் குளிசை மட்டும் போதாமலிருப்பதற்கும் காரணம் இதுதான்.

சலம் இரண்டு மெல்லிய குழாய்கள் வழியாகச் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர்ப்பைக்கு வருகிறது. பை அரைவாசி நிறையும் முன்பே போக வேண்டும் என்ற உணர்வு எழும். 400, 500 மில்லிலீற்றர் வரை அது தாங்கும். இனிச் சொல்லப்போவதுதான் பெண்கள் முக்கியமாக அறிய வேண்டியது. சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் வழி ஆண்களுக்கு ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் நீளம், எமக்கோ 4 சென்ரிமீற்றர் மாத்திரம். மலவாசலும் கிட்டவே இருக்கிறது. அங்கிருந்து கிருமி பைக்குள் ஏற அதிக தூரமில்லை. சலம் பாய்ந்து போகும்போது அந்தக் கிருமிகளையும் கழுவிக்கொண்டு போகும். குடிப்பதைக் குறைத்து, வந்ததையும் அடக்கினால் கழுவுவதற்கு எதுவுமில்லை. கிருமி உள்ளேயே பெருகும். எரிவு, அடிக்கடி முட்டுதல், அடிவயிற்று நோ, கலங்கிய சலம் எல்லாம் அப்படித்தான் வருகின்றன.

சலக்கடுப்பு என்றால் வெந்தயத் தண்ணீரும் இளநீரும் குடித்துச் சமாளிப்பது எம் வழக்கம். நீராகாரம் நல்லதுதான். ஆனால் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப்பக்க முதுகில் நோ, சத்தி என்று வந்தால் கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம். அப்போது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தரும் குளிசைகளை எரிவு நின்றதும் நிறுத்திவிடாமல் முழுவதும் குடிக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இந்தத் தொற்று குறைமாதப் பிரசவத்தில் கொண்டுபோய் விடவும் கூடும். கிளினிக்கில் சலம் சோதிப்பதைச் சும்மா சடங்கு என்று நினைக்காதீர்கள். கழுவும்போது எப்போதும் முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும் என்பதைப் பெண்பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே பழக்கி விடுங்கள். செல் பட்டு முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட சகோதரிகளுக்கு எரிவே தெரியாது. சலத்தின் மணமோ நிறமோ மாறினாலும், காய்ச்சல் வந்தாலும் அவர்களைப் பராமரிப்பவர்தான் கவனிக்க வேண்டும்.

ஒரு கூட்டத்தில், ஒரு சிறுநீரகத்தோடும் மனிதர் வாழலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா கேட்டார்: "அப்ப மற்றதை வித்தா என்ர கடனைக் கட்டலாமோ, பிள்ளை?" எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவரிடம் மூன்று நுண்கடன் கொம்பனிகளின் புத்தகங்கள் இருந்தன.

அவருக்குச் சொன்னதை இங்கும் சொல்கிறேன். இலங்கையில் உறுப்பை விற்பதும் வாங்குவதும் 1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். நல்ல சுகதேகி ஒருவர் தன் உறவினருக்குச் சிறுநீரகம் கொடுக்கலாம். எஞ்சிய ஒன்று சற்றுப் பருத்து வேலையைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் கொடுக்குமுன் எத்தனையோ சோதனைகள், கொடுத்த பின் ஆயுள் முழுவதும் கிளினிக். தரகரோ காசைப் பேசுவாரே தவிர, வெட்டிய பிறகு பிரஷர் ஏறுகிறதா என்று வந்து பார்க்க மாட்டார். வெயிலில் கூலிக்குப் புல்லுப் பிடுங்கும் பெண்ணுக்கு அந்த மற்றது மிகையான பொருளல்ல. கடனுக்கு வழி தேட வேண்டிய இடம் பிரதேச செயலகமும் சட்ட உதவி ஆணைக்குழுவும். அவரோடு அங்கெல்லாம் போய் வந்தேன். கடன் இன்னும் தீரவில்லை, தவணை மட்டும் குறைந்திருக்கிறது.

வெயிலைச் சொன்னதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். வடமத்திய மாகாணத்து விவசாயிகளிடம் 1990களில் கண்டறியப்பட்ட, காரணம் இன்னும் முடிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய், வவுனியா, முல்லைத்தீவுப் பக்கமும் காணப்படுகிறது. தண்ணீர், விவசாய இரசாயனங்கள், வெப்பத்தில் உடல்நீர் வற்றுதல் என்று பலதும் ஆராயப்படுகின்றன. ஆரம்பத்தில் எந்த வருத்தமும் தெரியாது. நாரி நோவுக்குப் பார்மசியில் டைக்குளோபெனாக் வாங்கி நாள் தவறாமல் விழுங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த நோ பெரும்பாலும் குனிந்து நிமிர்ந்து வந்த தசைநோ. குளிசையோ, அதுவும் தண்ணீர் குடிக்காத உடம்பில், சிறுநீரகத்தைத்தான் கெடுக்கும்.

முப்பத்தைந்து வயது கடந்தவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போனால் பிரஷரும் சீனியும் இலவசமாகப் பார்ப்பார்கள். இரண்டில் ஒன்று கூடியிருந்தால், சலத்தில் புரதமும் குருதியில் கிரியற்றினினும் பார்த்தாயிற்றா என்று நீங்களாகவே வாய்விட்டுக் கேளுங்கள்.

நான் போகும் ஒரு கிராமத்தில் வீட்டுத்திட்டத்து மலசலகூடங்கள் வளவின் கோடியில், றோட்டைப் பார்த்த கதவோடு கட்டப்பட்டிருக்கின்றன. வரைபடம் கீறியவர் நிச்சயமாக ஒரு பெண்ணாக இருந்திருக்க மாட்டார். அங்குள்ள மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் இவ்வருடச் சேமிப்பிலிருந்து, தனியாக இருக்கும் ஒன்பது பெண்களின் வீடுகளுக்கு மறைப்பு வேலியும் உள்கொழுக்கியும் ஒரு மின்குமிழும் போடத் தீர்மானித்திருக்கிறது. நாலு வீட்டு வேலை முடிந்துவிட்டது.