அடிப்பவர் ஒருவர், அடங்குபவர் மூவர்

கோல்ஃப் மைதானத்தின் மௌனத்துக்குப் பின்னால் பகட்டு கொஞ்சம், காரணம் நிறைய. ஆனால் அந்த மரியாதை யார் வரை நீள்கிறது?

ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி. நாட்டின் எந்தப் பெரிய நகரத்து கோல்ஃப் கிளப்புக்குப் போனாலும் ஏறக்குறைய ஒரே காட்சிதான். முதல் டீ மேடை அருகே நாலைந்து கோஷ்டிகள். பங்குச் சந்தை, மகளின் கல்யாணம், முழங்கால் வலி என்று பேச்சு அமர்க்களப்படுகிறது. ஒருவர் குனிந்து தரையில் ஒரு சின்ன மர ஆணியைச் செருகி, அதன் தலையில் பந்தை வைக்கிறார். பேச்சு சட்டென்று அறுந்துபோகிறது, நீதிபதி நுழைந்த கோர்ட் மாதிரி. பந்து பறந்த பிறகுதான் விட்ட இடத்திலிருந்து கல்யாணம் தொடர்கிறது.

அந்த மர ஆணிக்குப் பெயர் டீ. தேநீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி கிளம்பும் மேடைக்கும் அதே பெயர்தான். 18 குழிகள், 18 மேடைகள். நாலு பேர் கோஷ்டியில் ஒருவர் அடிக்கும்போது மற்ற மூவர் சும்மா நிற்க வேண்டும். எப்படிச் சும்மா நிற்பது என்பதற்குத்தான் இந்த ஆட்டத்தில் இத்தனை விதிகள்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இதெல்லாம் வெள்ளைக்காரன் விட்டுப்போன ஜம்பமாகத் தோன்றலாம். தோன்றுவதில் தவறில்லை. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகின் மிகப் பழைய கோல்ஃப் கிளப்பான ராயல் கல்கத்தா 1829ல் துவங்கியது. காலர் வைத்த சட்டை, பூட்டிய கதவுகள், உறுப்பினராக வருடக்கணக்கில் காத்திருப்பு எல்லாம் அந்தப் பரம்பரையின் மிச்சங்கள். ஆனால் டீ மேடை மரியாதைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றுக்கு ஜம்பத்தைவிட உறுதியான காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம், இந்த ஆட்டத்தில் கூடவே நடுவர் இல்லை. பெரிய போட்டிகளில்கூட சந்தேகம் வந்தால்தான் அதிகாரியைக் கூப்பிடுவார்கள். மற்றபடி ஆட்டக்காரரே தன் அடிகளை எண்ணுகிறார், தன் தவறைத் தானே சொல்கிறார். 1925 அமெரிக்க ஓபனில் பாபி ஜோன்ஸ் அடிக்கத் தயாரானபோது பந்து லேசாக அசைந்துவிட்டது. வேறு யாரும் கவனிக்கவில்லை. அவரே தனக்கு ஓர் அடி அபராதம் போட்டுக்கொண்டார். ஆட்டம் சமநிலையில் முடிந்து, மறு ஆட்டத்தில் கோப்பை கைநழுவியது. இப்படி ஒருவரையொருவர் நம்பித்தான் ஆட வேண்டும் என்றால், பக்கத்தில் நிற்பவர் பகையாளியாக இருந்தால் சரிப்படாது.

முன்பெல்லாம் விதிப் புத்தகத்தின் துவக்கத்தில் மரியாதை தனிப் பகுதியாக இருந்தது. 2019ல் விதிகளைத் திருத்தி எழுதியபோது அதை முதல் விதிக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். மற்றவர் ஆட்டத்தைக் கலைக்காதே, மற்றவர் பாதுகாப்பைக் கவனி, தாமதிக்காதே. சாராம்சம் இவ்வளவுதான். கிளப்கள் விரும்பினால் தங்கள் நடத்தை விதிகளை வகுத்து, மீறுபவர்களுக்கு அபராத அடிகள் விதிக்கலாம்.

கலைக்காமல் இருப்பது என்றால் என்ன? முதலில், நிற்கும் இடம். அடிப்பவரின் முகம் பார்க்கும் பக்கத்தில், மட்டை எட்டாத தூரத்தில் நிற்பது உத்தமம். அவர் முதுகுக்குப் பின்னால் நிற்கக் கூடாது. பந்து போகவேண்டிய திசைக்கு நேர்க்கோட்டில் பின்னாலோ முன்னாலோ நிற்கக் கூடாது. காலை வெயிலில் நிழல் நீளமாக விழும். அது பந்தின் மேல் விழுந்தால் நகர்ந்துகொள்ள வேண்டும். பையில் சில்லறையைக் குலுக்குவது, கையுறையின் ஒட்டுப்பட்டையைப் பர்ரென்று பிரிப்பது, அடுத்த முறைக்கு ஒத்திகை பார்ப்பதாக மட்டையை வீசுவது எல்லாமே குற்றம். செல்போன் வந்த பிறகு குற்றப் பட்டியல் நீண்டிருக்கிறது.

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்பவர்கள் 2021 ஆகஸ்ட் 7ஐ நினைத்துப் பார்க்கலாம். அந்த சனிக்கிழமை காலை, கோல்ஃபின் அரிச்சுவடி தெரியாத இந்திய வீடுகளிலும் டி.வி. முன் கூட்டம். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரின் அதிதி அசோக், தாயையே கேடியாக வைத்துக்கொண்டு, பதக்கத்துக்காகப் போராடிக்கொண்டிருந்தார். நாலு நாள், 72 குழிகள். முடிவில் வெண்கலம் தவறியது ஒரே ஓர் அடியில். ஓர் அடி என்பது அந்த அளவுக்கு விலைமதிப்புள்ளது. மட்டை உச்சியிலிருந்து இறங்கிப் பந்தைத் தொட ஆகும் நேரம் சுமார் கால் நொடி. அந்தக் கால் நொடியில் விழும் ஒரு சில்லறைச் சத்தம் போதும், நாலு நாள் உழைப்பைக் கெடுக்க.

ஆனால் மௌனமே வேதம் என்பதில்லை. அமெரிக்காவின் ஸ்காட்ஸ்டேலில் நடக்கும் ஃபீனிக்ஸ் ஓபனின் 16வது குழியைச் சுற்றி ஸ்டேடியம் போல் காலரிகள் எழுப்பி, ரசிகர்கள் ஆர்ப்பரிக்கிறார்கள். 2022ல் சவூதிப் பணத்தில் துவங்கிய லிவ் தொடரில் மைதானத்திலேயே பாட்டு ஒலித்தது. அங்கும் வீரர்கள் நன்றாகவே அடித்தார்கள். இடைவிடாத இரைச்சல் பழகிவிடும், எதிர்பாராத சத்தம்தான் எதிரி. தில்லி கோல்ஃப் கிளப்பில் லோதி காலத்துக் கட்டிடங்களுக்கு நடுவே மயில்கள் உலவுகின்றன. அவை அகவும்போது யாரும் கோபிப்பதில்லை. மயிலுக்கு விதி தெரியாது. பக்கத்தில் நிற்கும் நண்பருக்குத் தெரியும்.

அடுத்தது வரிசை. முந்தைய குழியை யார் குறைந்த அடிகளில் முடித்தாரோ அவருக்கே அடுத்த மேடையில் முதல் உரிமை. நேருக்கு நேர் மோதும் மேட்ச் பிளேயில் வரிசை தாண்டி அடித்தால், எதிராளி அந்த அடியை ரத்து செய்யச் சொல்லலாம். மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயில் அபராதம் இல்லை. இன்னும் சொன்னால், யார் தயாரோ அவர் முதலில் அடிக்கட்டும் என்று 2019 விதிகளே ஊக்குவிக்கின்றன. ஓர் அடிக்கு 40 நொடிக்கு மேல் எடுக்காதீர்கள் என்பது அவற்றின் யோசனை.

காரணம், எளிய கணக்கு. நாலு பேரும் ஒவ்வொரு மேடையிலும் ஆளுக்கு 20 நொடி வீணாக்கினால், 18 குழிகளில் 24 நிமிடம் போய்விடும். பின்னால் வரும் ஒவ்வொரு கோஷ்டியும் அந்தத் தாமதத்தைச் சுமக்கிறது. மதிய வெயிலில் வியர்வை வழியக் காத்திருப்பவரிடம் “சார், நீங்க முதல்ல”, “இல்லை, நீங்க” என்ற உபசாரம் எடுபடாது. கையுறை மாட்டுவதையும் மட்டை தேர்ந்தெடுப்பதையும் மற்றவர் அடிப்பதற்கு முன்பே முடித்துவைப்பதுதான் இங்கே பண்பு.

பேசாமல் இருப்பது மரியாதை என்றால், பேச வேண்டிய நேரத்தில் பேசுவதும் மரியாதைதான். மேடையில் இரண்டு அடையாளங்கள் இருக்கும். பந்தை அவற்றுக்கு முன்னால் தள்ளி வைத்து அடித்தால் ஸ்ட்ரோக் பிளேயில் இரண்டு அடி அபராதம். நண்பர் கவனிக்காமல் முன்னால் வைத்துவிட்டால், அடிப்பதற்கு முன்பே சொல்லலாம். விதியைச் சொல்வது ஆலோசனை ஆகாது. அடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்து பிறகு சொல்பவரும் விதியை மீறவில்லை. ஆனால் அவரோடு அடுத்த ஞாயிறு ஆட யாரும் ஆசைப்பட மாட்டார்கள். மாறாக, “எந்த மட்டையால் அடித்தீர்கள்?” என்று போட்டியில் எதிராளியைக் கேட்டால் அபராதம் நிச்சயம். குழி எவ்வளவு தூரம் என்று கேட்டால் தவறில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் மேடையில் நிற்கும் நாலு பேருக்கு இடையே. ஆனால் பந்து மேடையிலேயே நின்றுவிடுவதில்லை. சுமார் 46 கிராம் எடையுள்ள அந்தக் கெட்டிப் பந்து தொழில்முறை வீரரின் மட்டையிலிருந்து மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும். 2018 ரைடர் கோப்பையின்போது, பாரிஸ் அருகே, ப்ரூக்ஸ் கெப்கா டீ மேடையிலிருந்து அடித்த பந்து பட்டு ஒரு ரசிகை ஒரு கண்ணில் பார்வையை இழந்தார். அடித்தவர் உலகின் தலைசிறந்த வீரர்களில் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரரின் பந்து எங்கே போகும் என்று அவருக்கே தெரியாது.

ஸ்காட்லாந்தின் நிட்ரி காஸில் கிளப்பில் 2007ல் 18வது மேடையிலிருந்து அடித்த பந்து, வேறு பாதையில் நடந்துபோன ஓர் ஆட்டக்காரரின் கண்ணைப் பறித்தது. வழக்கில் ஏறக்குறைய 4 லட்சம் பவுண்டு நஷ்டஈடு. 2013ல் மேல்முறையீட்டில் பொறுப்பு பிரிக்கப்பட்டது. எச்சரிக்கைப் பலகை வைக்காத கிளப்புக்கு 80 சதவீதம், அடித்தவருக்கு 20 சதவீதம்.

இந்தியாவில் அந்தப் பந்துக்கு எதிரே நிற்பவருக்கு ஒரு பெயர் உண்டு, ‘ஆகேவாலா’. முன்னால் நிற்பவர் என்று பொருள். மேடையிலிருந்து 200 மீட்டருக்கும் அப்பால், புதரோரம் நின்று, பந்து எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. மட்டைப் பையைத் தூக்கும் கேடிகளைப் போலவே இவருக்கும் கூலி ஆட்டத்துக்கு இவ்வளவு என்றுதான். அவர் ஒதுங்கிவிட்டாரா என்று பார்த்துவிட்டு அடிப்பது, டீ மேடை மரியாதைகளில் தலையாயது. அவசரத்தில் முதலில் மறந்துபோவதும் அதுதான்.

இத்தனைக்கும் இந்திய கோல்ஃபை உயர்த்தியவர்களில் பலர் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். 1991ல் இந்திய ஓபனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் அலி ஷேர், தில்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்தவர். 2016, 2017ல் அடுத்தடுத்து அதே கோப்பையை வென்ற எஸ்.எஸ்.பி. சௌரசியா, ராயல் கல்கத்தாவில் புல்தரையைப் பராமரித்த ஊழியரின் மகன். எங்கே நிற்பது, எப்போது வாய் மூடுவது என்பதெல்லாம் மைதானத்திலேயே வளர்ந்த இவர்களுக்கு யாரும் புத்தகம் கொடுத்துச் சொல்லித்தரவில்லை.

ஆனால் மைதானத்தின் நாகரிகம் எல்லாரையும் எட்டுவதில்லை. 2017ல் தில்லி கோல்ஃப் கிளப்பின் உணவுக்கூடத்தில், விருந்தினராக வந்து காசி இனத்தின் பாரம்பரிய உடையில் அமர்ந்திருந்த மேகாலயப் பெண் ஒருவரை, வேலைக்காரி போல் இருக்கிறார் என்று சொல்லி வெளியேறச் சொன்னார்கள். நாடு கொதித்தது. கிளப் வருத்தம் தெரிவித்தது. மேடையில் நிற்பவரின் நிழலைக்கூட மிதிக்காத மரியாதை, சாப்பாட்டு மேஜையில் காணாமல் போயிருந்தது.

விதிப் புத்தகம் ‘மற்றவர்கள்’ என்றுதான் சொல்கிறது. உறுப்பினர்கள் என்று சொல்லவில்லை. பந்து தடம் மாறிப் பறந்தால் “ஃபோர்!” என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும் என்பது மரபு. பலர் தயங்குகிறார்கள். தன் அடி தப்பிப்போனதைத் தானே ஊரறியச் சொல்லும் வெட்கம். அந்தத் தயக்கம் ஒரு நொடி நீடித்தால் அதன் விலையைக் கொடுப்பவர் தூரத்தில் புதரோரம் நிற்பவர். சில்லறைச் சத்தத்துக்கே முகம் சுளிக்கும் ஆட்டத்தில், மிகப் பெரிய மரியாதை அந்த ஒரு கூச்சல்தான்.